ஆங்கில இலக்கியக் காலங்களும் வத்தலக்குண்டு மூவரும்

இலக்கிய வரலாறு என்றவுடன் மாணவர் பலருடைய நினைவுக்கு வருவன ஆண்டுகளும் காலப் பெயர்களுமே. சங்க காலம், சங்கம் மருவிய காலம், பல்லவர் காலம் என்று தமிழ்த் தாளுக்கு ஒப்பிப்பதைப் போலவே ஆங்கிலத் தாளுக்குச் சாசர் காலம், எலிசபெத் காலம், விக்டோரியா காலம் என்று ஒப்பிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அந்தக் காலங்கள் ஏன் மாறின என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அரியணையில் அமர்ந்தவர் மாறியதால் இலக்கியம் மாறியதென்று பாடநூற் பெயர்கள் நம்மை எண்ணச் செய்கின்றன. படிப்போர் கூட்டமும், நூல் அவர்கள் கைக்கு வந்து சேரும் வழியும் மாறும்போதுதான் இலக்கியக் காலம் மாறுகிறது என்பது என் கருத்து. இதற்குச் சான்று தேடி இலண்டன் மாநகரிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த வத்தலக்குண்டிலேயே அது உண்டு. அதனைக் காண்பதற்கு முன் ஆங்கில இலக்கியம் நடந்து வந்த பாதையைச் சிறிது நோக்குவோம்.

ஆங்கில இலக்கியத்தின் தொடக்கம் பாடிக் கேட்ட இலக்கியமே. 'பேயோவுல்ஃப்' என்னும் வீரகாவியம் 3,182 அடிகளைக் கொண்டது. அதன் ஒரே கையெழுத்துப் படி ஏறத்தாழக் கி.பி. 1000-ஐ ஒட்டியது. இன்றைய ஆங்கிலேயர் எவரும் தனிப்பயிற்சியின்றி அதனைப் படித்தறிய இயலாது. சங்கப் பாடலை உரையின்றி ஓரளவேனும் தொட்டுப் பார்க்கும் தமிழ் மாணவனுக்கு இது வியப்பாக இருக்கலாம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறி அமர்ந்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடலாம் என்னும் சட்டம் 1362-இல்தான் பிறந்தது. தன் நாட்டிலேயே மூன்று நூற்றாண்டுகள் திண்ணையில் உட்கார்ந்திருந்த மொழி அது. பிற்காலத்தில் நம் நாட்டு மொழிகளைத் திண்ணையில் உட்கார வைத்ததும் அம்மொழியே என்பது வரலாற்றின் விந்தை.

அந்த மொழியை உள்ளே அழைத்து வந்த பெருங்கவிஞர் 1400-இல் மறைந்த ஜெப்ரி சாசர். அவரது 'காண்டர்பரிக் கதைகள்' நூலின் முன்னுரைப் பகுதியில் ஒரு மருத்துவர் வருகிறார். அம்மருத்துவர் கற்றறிந்தோரின் பட்டியலில் அல்ராஸி, இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகிய பெயர்கள் இடம்பெற்றுள்ளன. சாசர் தம் மைந்தனுக்காக எழுதிய வான்கோள் அளவைக் கருவி பற்றிய உரைநடை நூலும் அரபு வழி வந்த அறிவையே அடிப்படையாகக் கொண்டது. கதை சொல்லும் முறையை இத்தாலியிலிருந்தும், யாப்பு வடிவைப் பிரான்சிலிருந்தும், அறிவியலை அரபு உலகிலிருந்தும் பெற்றவரே 'ஆங்கிலக் கவிதையின் தந்தை' என்று போற்றப்படுகிறார். பிறரிடமிருந்து பெறுவது இழுக்கு என்று ஆங்கிலம் ஒருநாளும் கருதியதில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், தமிழ் நாவலும் புதுக்கவிதையும் வெறும் இரவல் என்று இகழ்வோர்க்கு விடை கூறுதல் எளிதாகும்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். தமிழில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். இடைவெளி 102 ஆண்டுகளே. ஆயினும் அச்சு அங்கே பொதுமக்கள் உடைமை ஆயிற்று. இங்கே நெடுங்காலம் சமயப் பணியாளர் கையிலும் ஆட்சியாளர் கையிலும் மட்டுமே இருந்தது. இந்த வேறுபாட்டின் விளைவை ஓர் ஒப்பீட்டால் அறியலாம். ஷேக்ஸ்பியர் எட்டு வயதுச் சிறுவராக இருந்த 1572-இல் நம் மதுரை மாநகரில் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' அரங்கேறியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது அதுவே. ஷேக்ஸ்பியர் நாடகங்களோ அவர் மறைந்த ஏழாம் ஆண்டிலேயே, 1623-இல், பெருந்தொகுதியாக அச்சேறிவிட்டன. மில்டன் கண்பார்வை இழந்தபின் பாடி முடித்த 'இழந்த சொர்க்கம்' 1667-இல் வெளிவந்தது. முதற்பதிப்பு 1,300 படிகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் அவர் பெற்ற தொகை 5 பவுன். தொகை சிறிதுதான், என்றாலும் கவிஞனுக்கும் முகமறியா வாசகனுக்கும் இடையே ஒரு கடைத்தெரு உண்டாகிவிட்டது. அதே நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் வள்ளல்களின் ஆதரவிலும் ஓலைச் சுவடியிலும் ஓதுவோர் நாவிலும் வாழ்ந்தது. சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் முயற்சியால் 1842-இல்தான் அச்சு வடிவம் பெற்றது. இரண்டும் சமயம் சார்ந்த பெருங்காப்பியங்கள்; கவித்திறத்தில் ஒன்றையொன்று தாழ்ந்தவை அல்ல. ஆயினும் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒன்றுக்கு அதன் ஆசிரியர் பெயரால் ஒரு 'காலமே' கிடைத்தது. மற்றொன்றுக்குச் சில பக்கங்களே கிடைத்தன.

எலிசபெத் காலத்து நாடகச் செழிப்பைப் பற்றி மாணவர்கள் பிற நூல்களில் நிரம்பப் படித்திருப்பர், விரிக்க வேண்டியதில்லை. 1642-இல் தூய்மைவாதிகளின் செல்வாக்கால் நாடக அரங்குகள் மூடப்பட்டு 1660-இல் மன்னராட்சி மீண்டபோதே திறக்கப்பட்டன என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அரங்கின் கதவு மூடியபோது ஒரு காலம் முடிந்தது என்றே கூறலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு நமக்கு இன்றியமையாதது. நாவலைத் தந்தது அந்நூற்றாண்டுதான். வணிகம் பெருகி நடுத்தர வகுப்பு தோன்றியது. 1709-இல் 'டாட்லர்', 1711-இல் 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இதழ்கள் காப்பிக் கடைகளில் படிக்கப்பட்டன. வாடகைக்கு நூல் தரும் நிலையங்கள் பெருகின. வீட்டுப் பெண்டிர் படிக்கத் தொடங்கினர். காப்பியத் தலைவனாக ஓர் அரசன் தேவைப்பட்ட நிலை மாறியது. 1719-இல் டேனியல் டீபோவின் 'ராபின்சன் குரூசோ' ஒரு கடலோடியைத் தலைவனாக்கியது. 1740-இல் அச்சகத் தொழில் செய்துவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' ஒரு பணிப்பெண்ணைத் தலைவியாக்கியது. குரூசோவுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னர், 1708-இல், ஆந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் அரபியில் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்' ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டிருந்தது. ஆளில்லாத் தீவில் தனித்து வளரும் மனிதனின் கதை அது. டீபோ அதனைப் படித்தாரா என்பதை ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். கதைகளின் உறவை மறுப்பவர் எவருமிலர்.

1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் இணைந்து வெளியிட்ட கவிதைத் தொகுதியோடு புனைவியல் காலம் தொடங்குகிறது என்பது மரபு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பிரெஞ்சுப் புரட்சியின் வெப்பம் அதில் உண்டு. எளிய மக்கள் பேசும் மொழியே கவிதைக்கு ஏற்றது என்ற அவர்கள் கொள்கை பின்னாளில் பாரதிக்கும் உவப்பாயிற்று. ஷெல்லியின் மீது கொண்ட பற்றால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டவர் அவர். அடுத்து வந்த விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை, நாவலின் பொற்காலம். டிக்கன்ஸின் 'பிக்விக்' 1836-37இல் மாத வெளியீடாகப் பகுதி பகுதியாக வந்தது. முழு நூலின் விலையைக் கொடுக்க இயலாதவனும் மாதந்தோறும் ஒரு ஷில்லிங் கொடுத்துக் கதை படித்தான். தொடர்கதை என்னும் வடிவம் அழகியல் ஆசையால் மட்டும் பிறந்ததன்று. எளியவன் கைப்பையின் அளவும் அதனைத் தீர்மானித்தது.

இவ்வளவும் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த வழியை இனிக் காண்போம். 1835-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ந்தன. ஆங்கில வழிக் கல்வியை வற்புறுத்திய மெக்காலேயின் குறிப்பு எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டில் இந்தியர் அச்சகம் நடத்துதற்கு இருந்த தடைகளை மெட்காஃப் நீக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் இலக்கியத்திற்கு முன்னதைவிடப் பின்னது செய்த நன்மை பெரிது என்பேன். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் இங்குள்ள இளைஞர்களுக்குப் பாடமாயினர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனித்துறை அமைந்தது 1894-இல். ஆங்கிலேயர் தம் இலக்கியத்தைத் தம் பழம்பெரும் பல்கலைக்கழகத்தில் பாடமாக்குமுன் நம்மவரைப் படிக்கவைத்துவிட்டனர்!

அங்கே ஆயிரம் ஆண்டுகள் வரிசையாக வந்தவை, இங்கே ஒரே பாடத்திட்டத்தில் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. சாசரையும் டென்னிசனையும் ஒரே ஆண்டில் படித்த மாணவனுக்கு அவர்களுக்கிடையே இருந்த ஐந்நூறு ஆண்டு ஒரு பொருட்டன்று. அவன் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்து தமிழ் நாவலைத் தொடங்கிவைத்தது. அடுத்து 1885-இல் கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். எகிப்தில் பிறந்த தலைவனைக் கொண்ட கதை அது. அவர் வழக்கறிஞர், 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர், இலங்கை முஸ்லிம்களிடையே ஆங்கிலக் கல்வி பரவ உழைத்தவர். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் கெடும் என்று பெரியோர் பலர் அஞ்சிய நாளில், ஆங்கிலேயரின் இலக்கிய வடிவத்தை எடுத்துத் தமிழில் ஒரு முஸ்லிம் தலைவனின் கதையை எழுதிக் காட்டிய துணிவு அவருடையது. முதல் நாவலுக்குக் கிட்டிய புகழில் பாதியேனும் இரண்டாவதற்குக் கிட்டியிருக்க வேண்டும்.

இனி வத்தலக்குண்டு. நிலக்கோட்டையிலிருந்து பேருந்தேறினால் அரை மணி நேரத்திற்குள் அடையலாம். கொடைக்கானல் செல்வோர் காப்பி அருந்த இறங்கும் ஊர் என்றே பலர் அதனை அறிவர். அவ்வூரில் 1872-இல் பிறந்தவர் பி. ஆர். ராஜம் ஐயர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ. பயின்றவர், ஆங்கிலக் கவிதையில் தோய்ந்தவர். தம் இருபத்தொன்றாம் வயதில், 1893-இல், 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1895 வரை தொடர்ந்த அக்கதை 1896-இல் நூலாயிற்று. டிக்கன்ஸுக்கு மாத வெளியீடு எதுவோ, ராஜம் ஐயருக்கு விவேக சிந்தாமணி அது. நாவல் என்னும் வடிவம் மேனாட்டினது; அதனுள் இருப்பதோ மதுரைச் சீமையின் சிறுகுளம் என்னும் கிராமம். ஊர்ப்பெண்டிர் கூடிப் புறங்கூறும் அவைக்கு அவர் இட்ட பெயர் 'வம்பர் மகாசபை'. சல்லிக்கட்டு உண்டு, கொள்ளைக்காரன் பேயாண்டித்தேவன் உண்டு. அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். அவருடைய புலமையும் வெகுளித்தனமும் ஒருசேர வெளிப்படும் இடங்களைப் படித்துத் தமிழாசிரியனாகிய நானே பலமுறை சிரித்திருக்கிறேன். வகுப்பறையில் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டிருக்கிறேன். விக்டோரியா காலத்து நாவல்களில் பல, திருமணத்தோடோ சொத்துரிமையோடோ முடியும். ராஜம் ஐயரின் நாவல் துன்பங்களைக் கடந்து வேதாந்தத் தெளிவில் சென்று முடிகிறது. அம்முடிவு கதைக்குப் பொருந்தவில்லை என்பார் உளர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பெற்ற பாத்திரத்தில் தம் வீட்டுச் சோற்றை இட்டார் அவர். பின்னர் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்து 1898-இல் மறைந்தார். அப்போது அகவை 26. கீட்ஸ் மறைந்தது 25-இல் என்பதை ஆங்கில இலக்கிய மாணவர் எவரும் சொல்வர். ராஜம் ஐயரின் அகவையைச் சொல்லும் மாணவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அவ்வூரின் இரண்டாமவர் 1905-இல் பிறந்த பி. எஸ். ராமையா. கல்லூரிப் படிப்பு இல்லாதவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சிறுகதை என்னும் வடிவம் இங்கிலாந்திலும் காலம் தாழ்த்தியே செழித்தது. 1891-இல் தொடங்கிய 'ஸ்ட்ராண்ட்' போன்ற இதழ்கள், இரயில் பயணத்திற்குள் படித்து முடிக்கத்தக்க கதைகளைக் கேட்டன. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் புகழேணியில் ஏறியது அந்த இதழில்தான். தமிழிலும் அதே முறையில் இதழ்களே சிறுகதையை வளர்த்தன. 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' 1935-இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறி 1938 வரை அவர் கையில் நடந்தது. புதுமைப்பித்தன், மௌனி, கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி ஆகியோர் கதைகள் அதில் வந்தன. மாப்பசான், செகாவ் முதலியோரின் கதைகளும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தன. இங்கே ஆங்கிலம் வேற்று நாடுகளைக் காட்டும் சாளரமாகவே பயன்பட்டது; ஆங்கிலேயரைப் பின்பற்ற வேண்டிய தேவை எழவில்லை. கல்லூரி வாயிலை மிதியாத ஒருவர், கல்லூரிகளில் இன்று பாடமாக இருக்கும் கதைகளைத் தேர்ந்து அச்சிட்டார் என்பதைச் சிந்திக்க வேண்டும். வானத்து விண்மீன் ஒன்று உதிர்வதைக் கண்டு வருந்தும் குழந்தையைக் கருவாகக் கொண்ட 'நட்சத்திரக் குழந்தைகள்' என்னும் அவரது கதை ஒன்றே அவர் பெயரைக் காக்கும். இதழின் வரலாற்றைக் கூறும் 'மணிக்கொடி காலம்' நூலுக்கு 1982-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அந்நூற்பெயரைக் கூர்ந்து நோக்குக. அரசர் பெயராலோ புலவர் பெயராலோ அமையாமல், ஓர் இதழின் பெயரால் தமிழில் ஒரு காலம் அமைந்துவிட்டது.

மூன்றாமவர் சி. சு. செல்லப்பா. 1912-இல் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். மணிக்கொடியில் எழுதியவர், விடுதலைப் போரில் சிறை கண்டவர். 1922-ஆம் ஆண்டில் டி. எஸ். எலியட் தாமே நடத்திய 'கிரைட்டீரியன்' இதழில் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். முதல் உலகப்போருக்குப் பிந்தைய மனச்சிதைவைக் காட்டிய அக்கவிதை மரபு யாப்பின் கட்டுகளைத் தளர்த்தியது. அவ்விதழைப் படித்தோர் சில நூற்றுவரே. 1929-இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிதையை ஆசிரியன் பெயர் நோக்காது சொல் சொல்லாக ஆராயும் திறனாய்வு முறையை முன்வைத்தார். இவ்விரண்டு போக்குகளின் சாயலையும் 1959 சனவரியில் செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் காணலாம். சி. மணியின் 'நரகம்' போன்ற கவிதைகள் எலியட்டின் தாக்கத்தை வெளிப்படையாகவே காட்டுகின்றன. ஆனால் அக்கவிதையில் வருவது இலண்டனன்று, சென்னை. செல்லப்பாவின் 'அலசல்' முறைத் திறனாய்வு நம் உரையாசிரியர்களை நினைவூட்டுவது. அம்முறையில் அவர் தம் ஊராராகிய ராமையாவின் சிறுகதைப் பாணி பற்றித் தனிநூலே எழுதினார். எழுத்து 1970 வரை நடந்தது. இழப்பை அவரே சுமந்தார்; நூற்கட்டுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். தமிழ்த்துறையினர் பலர் அக்காலத்தில் புதுக்கவிதையைக் கவிதை என்றே ஒப்பவில்லை. நம் துறையின் வரலாற்றில் அது பெருமைக்குரிய பக்கமன்று.

அவருடைய 'வாடிவாசல்' ஒரு பிற்பகலில் நிகழும் குறுநாவல். தந்தையைக் குத்திக் கொன்ற காரிக்காளையை அடக்க வரும் பிச்சியின் கதை. ராஜம் ஐயரின் நாவலில் பல காட்சிகளுள் ஒன்றாக வந்து சென்ற சல்லிக்கட்டு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே ஊரில் வளர்ந்த மற்றொருவர் கையில் முழுக்கதையாயிற்று. முன்னவர் அதனை ஊர்த் திருவிழாவின் ஒரு பகுதியாகக் கண்டார். பின்னவர் மனிதனும் விலங்கும் எதிர்நிற்கும் ஒரு கணமாகக் கண்டார். டிக்கன்ஸ் காலத்துக்கும் எலியட் காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் பத்துக் குறிப்பாக எழுதுவதைவிட இவ்விரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

1893-இலிருந்து 1970 வரை எழுபத்தேழு ஆண்டுகள். ரிச்சர்ட்சனிலிருந்து எலியட் வரை ஆங்கிலத்திற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் தேவைப்பட்ட பயணத்தை ஓர் ஊரின் இரு தலைமுறையினர் மூன்று இதழ்களின் துணையால் முடித்தனர். நம் இலக்கிய வரலாற்றாசிரியர்களும் கால வகுப்பு முறையை ஆங்கிலத்தைப் பார்த்தே கற்றனர் என்பதும் நினைக்கத்தக்கது. மு. சி. பூரணலிங்கம் பிள்ளை 1904-இல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு, தமிழை ஆறு காலங்களாகப் பகுத்தது. இறுதிக் காலத்துக்கு ஐரோப்பியர் தொடர்பால் பெயரிட்டது. 1913-இல் வெளிவந்து நம் கல்லூரிகளில் பலர் கையாண்ட ஹட்சனின் சுருக்க நூல் ஆங்கிலக் காலங்களுக்குக் கவிஞர் பெயர்களைச் சூட்டியது. மு. அருணாசலம் இவற்றை விடுத்து நூற்றாண்டு வாரியாகவே எழுதினார். தமிழுக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். மாறுபடுவோர் எழுதுவாராயின் அடுத்த மலரில் இடமுண்டு.

ஆங்கில இலக்கியத்தின் இன்றைய காலத்திற்கோ இன்னும் பெயர் உறுதிப்படவில்லை. 2001-இல் நைப்பால், 2017-இல் ஜப்பானில் பிறந்த இஷிகுரோ, 2021-இல் சான்சிபார் தீவில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா ஆகியோர் பிரித்தானிய எழுத்தாளர்களாக நோபல் பரிசு பெற்றனர். குடியேறி வந்தோரின் கதைகளே இன்று அவ்விலக்கியத்தின் பெரும்பகுதி. வத்தலக்குண்டும் அவ்வழியே சென்றிருக்கிறது. 'கமலாம்பாள் சரித்திரம்' ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் மொழிபெயர்ப்பில் 1998-இலும், 'வாடிவாசல்' என். கல்யாண்ராமன் மொழிபெயர்ப்பில் 2013-இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ராமையாவின் முந்நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளுள் நல்லன தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி எஞ்சியுள்ளது. நம் ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் முதல் பத்துக் கதைகளை ஓராண்டில் முடிக்கலாம்.